மஞ்சள் துணியில் முடிந்த ராணி

தும்பிவலசில் அந்த ஆடிப் பதினெட்டு அன்று காலையில், சாந்தாமணி பழைய மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்த்து, புதுத் துணிக்கு மாற்றுவதற்காகக் காசைக் கையில் எடுத்தபோது, அதிலிருந்த ராணி இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த இடப்பக்கத்தை விட்டுவிட்டு, கழுத்தைத் திருப்பி, நேருக்கு நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்தாமணி அலறவில்லை. சாமி மாடத்து விளக்கைக் கொஞ்சம் தூண்டிவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள், பழக்கதோஷத்தில் தன் வலது கன்னத்தைச் சுவர்ப்பக்கமாக ஒளித்துக்கொண்டாள், ராணியின் பார்வை அந்தக் கன்னத்தையும் விடாமல் கூடவே வந்தது. சரி, பாரு என்று சொல்லிவிட்டு அடுப்பில் பொங்கிய பாலை இறக்கப் போனாள்.

அந்தக் காசு யாருக்குச் சொந்தம் என்பது ஊரில் பழைய வழக்கு. எந்தச் சமஸ்தானத்தில் அடித்தது என்று யாருக்கும் தெரியாது. விளிம்பில் ஓடிய எழுத்தெல்லாம் என்றைக்கோ தேய்ந்துபோய், கொண்டை போட்ட ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் மட்டும் மிஞ்சியிருந்த வெள்ளிக் காசு அது. சாந்தாமணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வெல்லம் காய்ச்சும் கொப்பரையிலிருந்து கொதிக்கிற பாகு தெறித்து வலது கன்னத்தைத் தின்றுவிட, அவளுடைய அம்மா ஆற்றங்கரைக் கன்னிமாரிடம் போய், என் பிள்ளை முகம் பழையபடி ஆகிவிட்டால் வீட்டில் இருக்கிற ஒரே வெள்ளிக் காசு உங்களுக்குத்தான் என்று வேண்டிக்கொண்டு, அதை மஞ்சள் துணியில் முடிந்து சாமி மாடத்தில் கட்டித் தொங்கவிட்டாள். புண் ஆறியது, முகம் பழையபடி ஆகவில்லை. முடிந்த காசை எத்தனை நாளைக்கு வீட்டிலேயே வைத்திருப்பாய், உண்டியலில் போட்டுவிடு என்று பூசாரி சொல்லியனுப்பியபோது, அவங்க செய்யட்டும், அப்புறம் நான் செய்கிறேன் என்று அம்மா பதில் சொல்லியனுப்பினாள். கன்னிமார் ஏழு பேரும் பிடிவாதக்காரிகள், அம்மா ஒருத்தியே அந்த ஏழு பேருக்கும் ஈடு, ஆகவே காசு சாமிக்கும் போகாமல் வீட்டுக்கும் ஆகாமல், ஆடிக்கு ஆடி துணி மட்டும் மாறி, அந்த மாடத்திலேயே தொங்கியது. அம்மா கண்ணை மூடிய பிறகு துணி மாற்றும் வேலை மகளுக்கு வந்தது.

சாந்தாமணிக்கு வீட்டு முன்பக்கத்திலேயே மாவு மில். வலது கன்னம் சுவரைப் பார்க்கிற மாதிரி அவள் நாற்காலியைப் போட்டிருந்தாள், கல்லாவையும் தராசையும் அதற்குத் தோதாக இடப்பக்கம் வைத்திருந்தாள், வருகிறவர்களுக்கு எப்போதும் ஒரே பக்கத்தைக் காட்டிக் காட்டி அவளும் காசுமாதிரியே ஆகிப்போயிருந்தாள். ஊர்க்காரர்கள் அவளுடைய தராசோடு பேசினார்கள், ஓடுகிற பெல்ட்டோடு பேசினார்கள், மாவு வாங்கத் தாங்கள் கொண்டுவந்த தூக்குப்போசியோடு பேசினார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. பார்த்தால் மனசு சங்கடப்படுமே என்று, நாற்பது வருஷமாக ஊரே சேர்ந்து மரியாதையாக அவளைப் பார்க்காமல் இருந்தது. பேருந்து நிலையத்துப் பக்கம் பேட்டரிக் கடை வைத்திருந்த அவளுடைய தம்பி தெய்வசிகாமணிக்கு அக்கா என்றால் உயிர், ஆனால் அவனும் தினமும் காலையில் வந்து செல்போனைப் பார்த்துக்கொண்டேதான் சாப்டியாக்கா என்று கேட்பான்.

அதனால் ராணி பார்த்தது சாந்தாமணிக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பாலை இறக்கிவிட்டு வந்து மறுபடி எடுத்துப் பார்த்தாள். திரும்பிய முகத்தில், அதுவரை யாருக்கும் தெரியாமல் மறைந்திருந்த வலது கன்னத்தில், ஆழமாக ஒரு பள்ளம் இருந்தது. காசு அடித்தவன் நல்ல பக்கமாகப் பார்த்துத்தான் அடித்திருக்கிறான் என்று அப்போது அவளுக்கு விளங்கியது. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அந்த வருஷம் அவள் காசை மறுபடி முடிச்சுப் போட்டுத் தொங்கவிடவில்லை, மில் சுவிட்சுக்கு மேலே இருந்த பலகையில் துணியை விரித்து அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

ஊரில் முதலில் பார்த்தது எதிர்வீட்டுப் பாவாயி. ராகி அரைக்க வந்தவள், வாய்க்குப் பூட்டுப் போட்டுப் பழக்கமில்லாதவள், இதென்ன காசு என்று எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். ராணி அவளைப் பார்த்தாள். பாவாயி ராகியை மறந்து வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் மத்தியானம் வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள், அதுவே ஊருக்குப் பெரிய அதிசயமாகப் போனதால், காசு திரும்பிய சேதி அதற்குப் பின்னால்தான் பரவியது.

பிறகு எல்லோரும் வந்தார்கள். டிவியோடு மட்டுமே பேசுகிற புருஷனுக்கு வாழ்க்கைப்பட்டவள் வந்தாள், பிள்ளைகள் மூன்று பேரையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்தபடி இருக்கிற கிழவர் வந்தார், ஏடிஎம் வாசலில் நின்று நின்று கதவோடு கதவாகிப்போன காவல்காரர் வந்தார், மாமியார் வீட்டில் இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடப்படாத புது மருமகள் வந்தாள், தறிச் சத்தத்தில் காது அடைத்துப்போனவர்கள் வந்தார்கள், வந்தவர்கள் எல்லோரும் உள்ளங்கையில் காசை வைத்துக்கொண்டு நின்றார்கள், ராணி அவர்கள் ஒவ்வொருவரையும் அவசரமில்லாமல் பார்த்தாள். வரம் எதுவும் தரவில்லை, நோய் எதையும் தீர்க்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அதற்கே பெண்கள் தலையை வாரிக்கொண்டு வந்தார்கள். சும்மா வருவது மரியாதையில்லை, எதையாவது அரைக்கக் கொண்டுவர வேண்டும் என்று ஊர் தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டதால், அரைப்படி அரிசியை நாலு தவணையாகக் கொண்டுவந்து அரைத்துப் போன ஆம்பளைகளும் உண்டு. காத்திருந்த நேரத்தில் பேச ஆரம்பித்தவர்கள், பார்த்துப் பழகிய கண்ணை என்ன செய்வது என்று தெரியாமல், ஒருவரையொருவர் பார்த்தே பேசினார்கள். சாந்தாமணி நாற்காலியைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்திப் போட்டிருந்ததை அவளே ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தாள்.

இதில் ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. செல்போனில் படம் பிடித்தால் ராணி பழையபடி பக்கவாட்டில்தான் விழுந்தாள். சந்தைக்குப் போன இடத்தில் தும்பிவலசுக்காரர்கள் சொன்னதைக் கேட்டவர்கள் எல்லாம், உங்க ஊர் மாவில் என்னமோ கலக்கிறார்கள் என்று சிரித்தார்கள். மற்றவர்கள் அதைத் துடைத்துவிட்டுப் போனார்கள், தெய்வசிகாமணியால் முடியவில்லை. அவன் பழங்காசு சேகரிப்போர் சங்கத்தில் உறுப்பினர். ஓட்டைக் காலணாவும் தேய்ந்த செப்புத் துட்டும் சேர்த்துச் சேர்த்து, சங்கக் கூட்டத்தில் எப்போதும் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தவன், இந்த ஒரு காசைப் பற்றி எழுந்து பேசியதற்கு அங்கேயும் சிரித்துவிட்டார்கள்.

அவன் சங்கத் தலைவர் ரங்கதுரையைக் கூட்டிக்கொண்டு வந்தான். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர்தான், பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துவிட்டால் மட்டும் எதிரில் ஆள் நிற்பது தெரியாது. காசை ஓரத்தில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ராணியும் அவரைப் பார்த்தாள், அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்புங்க, சிகாமணி. மூக்கு நல்லாருக்குது, கொண்டை தேயவே இல்ல. இந்த வலது கன்னந்தான் இடிக்குது. தழும்பு இருந்தா நம்பரைக் கொறைச்சுப்போடுவாங்க."

சாந்தாமணி மில்லை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தாள். வெளிச்சத்துக்குத் திரும்பு கண்ணு என்று அவளிடமும் ஒரு அம்மாள் சொல்லியிருக்கிறாள், பெண் பார்க்க வந்த வீட்டு அத்தை, கையில் கேசரித் தட்டோடு, ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னாள். சாந்தாமணி திரும்பினாள், அந்த அத்தை தட்டைக் கீழே வைத்தாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்படி முடிந்த பேச்சுகள் இன்னும் சில உண்டு, அவற்றுக்கெல்லாம் கேசரி கிண்டியதும் அவள்தான்.

ரங்கதுரை விளக்கிச் சொன்னார். வடக்கே பெரிய நகரத்தில் இதற்கென்று கம்பெனி இருக்கிறது. காசை அனுப்பிவைத்தால் அசலா போலியா என்று பார்ப்பார்கள், எழுபதுக்கு எத்தனை என்று தரம் பார்த்து ஒரு நம்பர் போடுவார்கள், இனிமேல் எந்தக் கையும் எந்தக் காற்றும் படாதபடி கெட்டியான பிளாஸ்டிக்கில் வைத்து ஒட்டி, நம்பரை மேலே அச்சடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு ஸ்லாப் என்று பெயர். ஸ்லாப்புக்குள் போய்விட்ட காசை உலகத்தில் ஒருத்தரும் சந்தேகப்பட முடியாது. நேராகப் பார்க்கிற ராணி இந்தத் தேசத்திலேயே இது ஒன்றுதான் என்று அவர்கள் வாயால் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் தும்பிவலசைப் பார்த்து எவன் சிரிப்பான்?

ஊர் இரண்டு பட்டது. எக்ஸ்பிரஸ் பஸ் நிற்கும், ரோடு போடுவார்கள், பேப்பரில் வரும் என்று ஒரு கட்சி. பரீட்சை எழுதாதவளுக்கு எதற்கு மார்க்கு என்று ஒரு கட்சி. பிளாஸ்டிக் வழியாகப் பார்த்தால் அது பார்த்த கணக்காகுமா, கண்ணாடி போட்டவர்கள் பார்ப்பதில்லையா என்று பால் சொசைட்டியில் ஒரு காலைப்பொழுது முழுக்க வழக்கு நடந்தது. பாவாயி மட்டும், அனுப்புவதாக இருந்தால் முதலில் புளி போட்டு நன்றாகத் தேய்த்துவிடலாம், குத்துவிளக்கு மாதிரி ஆகிவிடும், கன்னத்துப் பள்ளமும் அமுங்கிப்போகும் என்று புளியோடு வந்து நின்றாள். ரங்கதுரைக்கு முகம் வெளுத்துவிட்டது. தேய்த்துக் கழுவிய காசுக்கு அவர்கள் நம்பரே போட மாட்டார்கள், அழுக்கோடு இருப்பதுதான் அழகு என்று அவர் சொன்னதை, பாவாயி தன் வாழ்நாளில் கேட்ட மகா அசிங்கமான பேச்சு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முடிவு சாந்தாமணி கையில் இருந்தது. அவள் ரொம்ப யோசிக்கவில்லை.

"அவளுக்கு யாரும் மார்க் போட வேண்டாஞ் சிகாமணி. நம்மளப் பாக்கறதுக்குன்னு ஒருத்தி திரும்பியிருக்கறா. அவளப் பொறட்டிப் பொறட்டிப் பாத்து, கன்னஞ் சரியில்லைன்னு எழுதி ஒட்டி, எனக்கே அனுப்பி வெப்பாங்களா?"

தெய்வசிகாமணி அக்காவின் தலைமேல் கையை வைத்தான். "உன்ற தலைமேல சத்தியம்க்கா. நீ சரிங்காம அது எந்தக் கம்பெனிக்கும் போகாது." அந்தக் கையின் பாரம் சாந்தாமணிக்கு இதமாக இருந்தது. அவனுக்காக அவள் இதைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்திருக்கிறாள். கொப்பரையின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்த இரண்டு வயதுக் குழந்தையை அவள் பாய்ந்து இழுத்துப்போட்டாள், அந்த ஆட்டத்தில்தான் பாகு தெறித்தது. பையன் மனசில் அது ஏறிவிடக் கூடாது என்று அம்மா, துள்ளி விளையாடிய கழுதை தானாகப் போய் விழுந்தாள் என்று ஊருக்குச் சொல்லிவைத்தாள், ஊரும் அப்படியே வைத்துக்கொண்டது. சாகிற சமயத்தில் அம்மா அவனைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னாள். அவன் வெளியே வந்து அக்கா மடியில் விழுந்து அழுதான். அழுது முடித்து எழுந்து போனவன் அதை யாரிடமும் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் மாவட்டத் தலைநகரத்தில் சங்கத்தின் கண்காட்சி வந்தது. ஒரு வாரம் மட்டும் ராணியைக் கொடு என்று தம்பி கேட்டு வந்தான். கண்ணாடிப் பெட்டியில்கூட வைக்க மாட்டோம், வருகிற பெண்கள் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம் என்றான். சாந்தாமணி தயங்கினாள். அப்போது அவன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்.

"அங்கயும் உன்னை மாதிரி எத்தனையோ பேரு இருப்பாங்கல்லக்கா."

அவள் முகத்தைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. அவள் உருகிப்போனாள். மறுநாள் காலை, அரைக்க வந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, புது மஞ்சள் துணி கிழித்து, ராணியை அதில் வைத்து, ஒரு வாரந்தான், நல்லவங்கதான், பயப்படாம போயிட்டு வா என்று அவளிடம் சொல்லி, முடிச்சுப் போட்டு, தன் கையாலேயே தம்பி கையில் கொடுத்தாள். பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வழியில் அவளுக்குப் பசிக்குமா என்று யாரோ கேட்டதற்குச் சிரிப்பு எழுந்தது.

கண்காட்சி முடிந்தது, ராணி வரவில்லை. கூட்டம் தாங்கவில்லை, இன்னும் ஒரு வாரம் நீட்டித்திருக்கிறார்கள் என்றான் தம்பி. பிறகு ரங்கதுரை வீட்டில் பத்திரமாக இருக்கிறது, அவருக்குக் காய்ச்சல் என்றான். பிறகு மழை என்றான். மழை பெய்துகொண்டுதான் இருந்தது, அதனால் சாந்தாமணி நம்பினாள். காலியான பலகையைத் தினமும் துடைத்தாள், மாவு படிந்தால் ராணிக்கு ஆகாது என்று.

கார்த்திகையில் ஒரு முற்பகல் கூரியர்காரர் மில் வாசலில் வண்டியை நிறுத்தினார். தெய்வசிகாமணி தன் கடை பாதிநாள் பூட்டிக் கிடக்கும் என்று மில் விலாசத்தைக் கொடுத்திருந்தான், அந்த அளவுக்கு அவனுக்கு அக்காவிடம் பயமில்லை. வடக்கத்தி ஊர்ப்பெயர் அச்சடித்த உறையைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, வரிசையில் நின்ற பெண்களுக்கு நடுவிலேயே அவள் பிரித்தாள். உள்ளே கெட்டிப் பிளாஸ்டிக், அதன் தலையில் ஒரு நம்பர், அதற்குக் கீழே காசு. காசில் ராணியின் முதுகு இருந்தது. பின்கழுத்து இருந்தது, கழுத்தில் ஒட்டிய இரண்டு மயிரிழை இருந்தது, பெரிய கொண்டையும் கொண்டையில் செருகிய ஊசியும் இருந்தன. அவள் முழுக்கத் திரும்பிவிட்டிருந்தாள்.

நம்பர் பெரிய நம்பர். அந்தக் கம்பெனி பழங்காசு எதற்கும் அதுவரை போடாத நம்பர் என்று பின்னால் ரங்கதுரை சொன்னார். முகமே இல்லாத இடத்தில் தழும்பு எங்கிருந்து வரும்?

ராணி இந்த ஊரில் கடைசியாகக் கேட்டது தன் குரலைத்தான் என்று சாந்தாமணிக்கு உறைத்தது. நல்லவங்கதான், பயப்படாம போயிட்டு வா. அந்தப் பேச்சை நம்பிப் போனவளைத்தான் வெளிச்சத்தில் சாய்த்திருக்கிறார்கள், கன்னத்தை அளந்திருக்கிறார்கள், பெட்டியில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அனுப்பியது நானில்லை, நானில்லை என்று பிளாஸ்டிக்கில் வாயை வைத்துச் சொன்னாள். கொண்டை காதை மூடியிருந்தது, அதற்குமேல் பிளாஸ்டிக் மூடியிருந்தது.

சாயங்காலம் தம்பி முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். நம்பரைப் பாத்தியாக்கா என்றான். என் தலையில் கை வைத்தாயே என்று அவள் கேட்டபோது அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"நீ வேண்டாம்னது உன்ற முகத்த நெனச்சுத்தானே. காசுக்கு என்னக்கா தெரியும்? சாமி காசாயிருந்தா நானும் தொட்டிருக்க மாட்டேன். உன்ற முகந்தான் பழையபடி ஆகவே இல்லையே, அப்பறம் அதெப்படிச் சாமி காசாகும்?"

அவன் கணக்கு பிசகில்லாத கணக்கு. அம்மா சொன்ன கணக்கும் அதேதான். சாந்தாமணி அன்று அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் இப்போது நம்பினார்கள். பேப்பரில் வந்தது. காரில் வந்து இறங்கி, உலகத்திலேயே முதுகைக் காட்டுகிற ஒரே ராணி என்று பார்த்துவிட்டுப் போனார்கள், அவர்களுக்கு அந்த முதுகே போதுமானதாக இருந்தது. பக்கத்து ஊர் பியூட்டி பார்லரில் ராணிக் கொண்டை என்று ஒரு கொண்டை வந்தது. உள்ளூரில் சில பெண்கள், முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை முதுகிடம் சொல்லலாம் என்று கண்டுபிடித்து, மாமியாரைப் பற்றியெல்லாம் பிளாஸ்டிக்கிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் ஒருமுறை பார்க்கப்பட்டவர்களுக்கு அது போதவில்லை. டிவிக்காரன் மனைவி தெருவில் நின்று காரணமில்லாமல் அழுதாள், கிழவர் மறுபடி வாசலைப் பார்க்கப் போனார், வரிசையில் நிற்கிறவர்கள் மறுபடியும் தூக்குப்போசியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள், பிறகு சண்டை போட ஆரம்பித்தார்கள். கோபத்தை யார் தலையிலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

பாவாயிதான் வழி சொன்னாள். அனுப்பியது யாரோ அவரே அவளைக் கையில் ஏந்தி, நான்தான் அனுப்பினேன், பொறுத்துக்கொள் என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லட்டும், சொன்னால் திரும்பிவிடுவாள், பொம்பளை மனசு எனக்குத் தெரியாதா என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலை, மில் வாசலில் ஊர் கூடியது. தெய்வசிகாமணி ரங்கதுரையோடு வந்து நின்றான். சாந்தாமணி மில்லை நிறுத்தினாள், பெல்ட் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. அவள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவான் என்று நினைத்தாள். சொல்லிவிட்டால் போதும், மன்னித்து ஆகிவிட்டது, மத்தியானத்துக்கு அவனுக்குப் பிடித்த கொள்ளுப்பருப்பைக் கடையலாம் என்றுகூட நினைத்தாள்.

அவன் பலகையிலிருந்து ஸ்லாப்பை எடுத்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். பிறகு அதைக் கொண்டுவந்து அக்கா கையில் வைத்தான்.

"அக்காதானுங்க குடுத்தாங்க. நீங்கெல்லாம் பாத்துட்டுத்தானே இருந்தீங்க. அவங்க கையாலதான் முடிஞ்சு குடுத்தாங்க."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பார்த்தோம், ஆமாம் பார்த்தோம் என்று கூட்டத்தில் நாலைந்து குரல் எழுந்தது, அதில் பாவாயி குரலும் இருந்தது. ஊர் முழுவதும் சாந்தாமணியின் பக்கம் திரும்பியது. தராசைப் பார்த்தவர்கள், பெல்ட்டைப் பார்த்தவர்கள், தூக்குப்போசியைப் பார்த்தவர்கள், மனசு சங்கடப்படுமே என்று நாற்பது வருஷமாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டவர்கள், பெரியவர்கள், குழந்தைகள், எல்லோரும் ஒரே சமயத்தில், ஒருவர் கண்கூட நழுவாமல், அவள் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார்கள். அவள் எத்தனையோ காலம் ஆசைப்பட்டது அதுதான். அது இப்படி வந்தது. அவள் கன்னத்தை ஒளிக்கவில்லை. அந்த அத்தனை முகங்களுக்கும் நடுவில் தம்பியின் முகத்தைத் தேடினாள். அவன் ஒருவன் மட்டும் தெருவைப் பார்த்தபடி, இடது கன்னம் தெரிய, பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தான்.

சாந்தாமணிக்கு நெஞ்சு வெந்தது. கொப்பரையில் வெந்ததைவிட அது அதிகம் என்று அவளுக்கே தெரிந்தது, ஏனென்றால் அன்றைக்கு அவள் தானாகப் பாய்ந்தாள். ஆனாலும் கொப்பரைக் கதையைச் சொல்ல அவள் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டிய வாய் இன்னொன்று இருந்தது. மில்லுக்குள் போய் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்லாப்பை வாசற்படிக் கல்மேல் வைத்து ஓங்கி அடித்தாள். ரங்கதுரை ஐயோ நம்பர் போச்சே என்று முனகினார். பிளாஸ்டிக் சில்லுச்சில்லாகத் தெறித்தது. காசைக் கையில் எடுத்துப் பார்த்தாள், ராணி திரும்பவில்லை. திரும்புவாள் என்று சாந்தாமணியும் நினைக்கவில்லை. பழைய சேலை ஓரத்தில் ஒரு முழம் கிழித்து, மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஈரத்தோடு காசை அதில் வைத்து இறுக்கி முடிந்தாள்.

என்ன கண்ணு வேண்டுதல் என்று பாவாயி மெதுவாகக் கேட்டாள்.

"என்ற தம்பி ஒரு நாளைக்கு உள்ளதைச் சொல்லோணும். காசப் பத்தியும் சரி, கொப்பரையப் பத்தியும் சரி. அவஞ் சொல்லிட்டா இது கன்னிமாருக்கு."

கொப்பரை என்ன என்று ஒருவருக்கும் புரியவில்லை. ஒருவனுக்குப் புரிந்தது, அவன் அதற்குள் வண்டியை எடுத்திருந்தான்.

இப்போது மில்லில் நாற்காலி வாசலைப் பார்த்துக் கிடக்கிறது. ராணியை அனுப்பியவள் என்ற பேர் சாந்தாமணிக்கு நிலைத்துவிட்டது, அரைக்க வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்தே பேசுகிறார்கள், மாவு நைசாக விழவில்லை என்றுகூட முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். ஆடிக்கு ஆடி அவள் துணி மாற்றுகிறாள், கொண்டை ஊசி கொஞ்சமும் மாறாமல் அதே இடத்தில் இருக்கிறது. காசை உண்டியலில் போட்டுவிடச் சொல்லிப் பூசாரி மகன் சொல்லியனுப்புகிறான், அவன் செய்யட்டும், அப்புறம் நான் செய்கிறேன் என்று அவள் பதில் சொல்லியனுப்புகிறாள். தெய்வசிகாமணி தினமும் காலையில் வருகிறான். செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்டியாக்கா என்று கேட்கிறான். அவள் காப்பியை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவன் டம்ளரை வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறான், முடிச்சு மாடத்தில் தொங்குகிறது.